நிறமற்ற புடவை

படம் ஆரம்பித்து நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. திருவேங்கடம் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

“நிறுத்து! ஷ்ருதி, முதல்ல அதை நிறுத்து!”

மாட்டுங்கா தமிழ்ச் சங்கத்தின் அந்தச் சின்ன ஹாலில் எழுபது தலைகள் திரும்பின. திரையில் கதாநாயகி மஞ்சள் தாவணியில் பாதிச் சிரிப்போடு நின்றுவிட்டாள்.

“என்னாச்சு அங்கிள்?” லேப்டாப்பைக் கவனித்துக்கொண்டிருந்த ஷ்ருதிக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“கலர் அடிச்சிருக்கான், படுபாவி! பழைய படத்துக்குச் சாயம் பூசி உன் தலையில கட்டிட்டான்!”

“படத்தை எடுத்தவரோட பையனே சென்னைலேர்ந்து அனுப்பின காப்பி அங்கிள் இது. நன்னாத்தானே இருக்கு? கலர்னா என் ஃப்ரெண்ட்ஸ்கூட உட்கார்ந்து பார்ப்பா. இல்லேன்னா அஞ்சே நிமிஷத்துல எழுந்து போயிடுவா.”

“தயிர்சாதத்துல ஜாம் தடவிக் குடுத்தாக்கூடத்தான் குழந்தைகள் சாப்பிடும். அதுக்காகத் தடவிடறதா?”

அவர் பதற்றம் அவருக்கு. படம் முடிந்ததும் அவருடைய புத்தகம் வெளியாகப்போகிறது. பெயர், ‘கறுப்பு வெள்ளையே உண்மை’. பதினொரு வருஷம் உட்கார்ந்து எழுதியது. வெளியிட வந்திருக்கும் தாணே தமிழ்ச் சங்கத் தலைவர், “இன்னிக்கு உங்க பேச்சு எடுபட்டா, மாசாமாசம் எங்க ஹால்ல சினிமா பத்தி நீங்கதான் பேசறேள்” என்று வாக்குக் கொடுத்திருந்தார். வங்கிக் கவுன்ட்டரில் இருபத்தெட்டு வருஷம் அடுத்தவர் பேச்சையே கேட்டுக்கொண்டிருந்த மனுஷருக்கு, தன் பேச்சை நாலு பேர் கேட்க வேண்டும் என்று அப்படி ஓர் ஆசை.

புத்தகத்தின் முதல் அத்தியாயமே இந்தப் படம்தான். பன்னிரண்டு வயதில் தூர்தர்ஷனில் பார்த்தது. ஞாயிறு மத்தியானம் ஒவ்வொரு பாஷைக்காக முறை போய், தமிழுக்கு எப்போதோ ஒரு தடவை வரும். வந்தால் பில்டிங்கே இவர்கள் வீட்டு டிவி முன்னால் கூடிவிடும். அன்றைக்குப் பக்கத்து வீட்டு விசாலாக்ஷி மாமி ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, “உஷ்!” என்று அதட்டிவிட்டுப் பார்த்த படம். பிறகு அது எங்கேயும் கிடைக்கவில்லை. அந்த ஒரு தடவை பார்த்ததை வைத்தே அவர் நாற்பது பக்கம் எழுதிவிட்டார்.

“அந்த ரிமோட்டைக் குடு. ப்ரொஜெக்டர்ல கலரை சுத்தமா எடுத்துடலாம்.”

எடுத்தார். படம் கன்னங்கரேலென்று ஆனது. வெளிச்சத்தைக் கூட்டினார். கதாநாயகன் முகம் இட்லியாக வெளுத்து, மீசை காணாமல் போனது.

“அங்கிள், இப்ப அவன் யாரு, அவன் தம்பி யாருன்னே தெரியலை.”

“கதையைக் கவனி. தானா தெரியும்.”

கடைசிக் காட்சி வந்தது. கதாநாயகி எழுதிய கடிதம் பின்னணியில் ஒலித்தது: “அப்பா சம்மதித்துவிட்டால் மொட்டைமாடியில் பச்சைப் புடவை காயும், இறங்கி வாருங்கள். சிவப்புப் புடவை காய்ந்தால் அப்படியே ரயிலில் போய்விடுங்கள்.” ரயில் வந்தது. மாடியில் ஒரு புடவை பறந்தது. கதாநாயகன் கோவென்று அழுதான். வணக்கம்.

“என்ன புடவை?” என்றார் பின் வரிசையில் ஒருவர்.

“சாம்பல் கலர்.”

“அப்போ கல்யாணம் உண்டா, இல்லையா?”

“அரே, கலர் போட்டுக் காட்டுங்கப்பா!” என்று ஒருவர் கத்த, பாதி ஹால் சேர்ந்துகொண்டது. சிலர் செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள். தாணே தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். திருவேங்கடம் பாய்ந்துபோய் மைக்கைப் பிடித்தார்.

“பச்சையா, சிவப்பா? தெரியாது! தெரியவே கூடாது! அவன் அழறது ஆனந்தமா, துக்கமா? அதை நம்ம மனசுக்கே விட்டுட்டார் டைரக்டர். இந்தப் புடவையை நான் நாற்பது வருஷமா மனசுல சுமந்துண்டிருக்கேன். கலர் அடிக்கிறவன் என்ன பண்றான்? ஏசி ரூம்ல உட்கார்ந்துண்டு, ‘இது பச்சை’ன்னு அவனே தீர்ப்பு எழுதிடறான். அவன் யார் சார் தீர்ப்பு எழுத?”

செருப்பைத் தேடியவர்கள் உட்கார்ந்தார்கள். ஷ்ருதிகூட, “சாரி அங்கிள், நான் இப்படி யோசிக்கவே இல்லை” என்றாள். தாணே தலைவர் எழுந்து நின்று கைதட்டினார். சாயம் பூசிய படங்களை இனி எந்தச் சங்கமும் காட்டக் கூடாது என்று அங்கேயே தீர்மானம் போட்டார்கள். “அடுத்த மாசமே தாணேக்கு வந்துடுங்கோ” என்று தலைவர் பொன்னாடை போர்த்தினார். திருவேங்கடம் தரையில் இல்லை.

அந்த நேரத்தில்தான் டோம்பிவிலியிலிருந்து விசாலாக்ஷி மாமி வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தாள்.

“மெகாபிளாக்டா! தண்டவாளத்துல வேலைன்னு ரயிலைத் தாணேலேயே முக்கால் மணி நிறுத்திட்டான். எங்க பில்டிங் குழந்தை புஸ்தகம் போட்டிருக்குன்னா வராம இருப்பேனா?”

திருவேங்கடம் பொன்னாடையோடு நமஸ்காரம் பண்ணி, முதல் பிரதியை மாமியிடமே கொடுத்தார். மைக் இன்னும் அணைக்கப்படவில்லை. மாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்தைப் படித்தாள், தலைப்பைத் திருப்பிப் பார்த்தாள், மறுபடி படித்தாள்.

“ஏண்டா, இதைத்தானே அன்னிக்கே சொல்ல வந்தேன், நீதானே ‘உஷ்’னு வாயை அடைச்சே? கல்யாணத்துக்கு முன்னாடியே பாலக்காட்டுத் தியேட்டர்ல பார்த்திருக்கேன், கிளிப்பச்சைப் புடவை. படம் அப்பவே கலர்தாண்டா, உங்காத்து டிவிதான் கறுப்பு வெள்ளை!”