ஒழுங்கையால் போன மெட்டு

எங்கள் குடாநாட்டில் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் அடுத்தபடியாகச் செழித்து விளைகிற இனம் ஒன்று உண்டு. அருட்டுணர்வுக்காரர் என்று பெயர். சும்மா இருக்கிற மனிதனை உள்ளே எதுவோ அருட்டி, 'எழும்பு, ஒரு படைப்பைச் செய்' என்று சொல்லுமாமே, அந்த அருட்டலுக்காகவே காதைத் தீட்டிக்கொண்டு வாழ்நாள் முழுக்கத் திரிகிறவர்கள். படைப்பு வருகிறதா என்று கேட்காதீர்கள். அது வேறு துறை.

இந்த இனத்தின் சகல இலட்சணங்களும் பொருந்தியவர் மருதனார்மடத்துக் கஜீபன். கோயில் திருவிழா மேடைகளில் கீபோட் வாசிப்பவர். கரவெட்டி, பண்டத்தரிப்பு, சாவகச்சேரி என்று இசைக்குழுவின் வானுக்குள்ளேயே பாதி ஆயுளைக் கழித்தவர். பதினாறு வருடமாக ஊரார் சினிமாப் பாட்டுகளை வாசித்து விரல் தேய்ந்த மனிதருக்கு, சொந்தமாக ஒரு பாட்டுப் போட்டு அதைச் சனம் கேட்க வேண்டும் என்பது ஒரே ஆசை. பாட்டு எங்கே கிடைக்கும்? "எல்லாம் எங்கடை அன்றாட வாழ்க்கைக்குள்ளைதான் கிடக்கு" என்பார். கிடப்பதைப் பொறுக்கத்தான் கைபேசி.

சந்தையில் கத்தரிக்காய் ஏலம் கூறுகிறவரின் குரலில் ஒரு நாள் இராகம் தட்டுப்பட்டுவிட்டது. சனத்தை இடித்துக்கொண்டு முன்னே போய், "அண்ணை, அதை மற்றொருக்கால் அதே சுருதியிலை கூறுங்கோ" என்றார்.

"காய் வித்துப் போச்சுத் தம்பி. வேணுமெண்டால் வெங்காயத்துக்கு நில்லும்."

வான் ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று நிப்பாட்டச் சொல்லுவார். வயிற்றுக் கோளாறாக்கும் என்று சாரதி பதறிப்போய் நிறுத்தினால், இவர் இறங்கிப் பனங்காணிக்குள் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். காவோலை உரசுகிற சத்தமாம். அது ஒழுங்காக உரசும்வரை குழு முழுவதும் வெயிலில் வேகும். மனைவி தயாளினி கிணற்றடியில் வழுக்கி விழுந்த அன்றும் ஓடித்தான் வந்தார். தூக்கவில்லை. கைபேசியை நீட்டினார்.

"அந்த ஐயோவை ஒருக்கால் திருப்பிச் சொல்லும். கடைசியிலை ஒரு இழுப்பு இருந்தது."

அவள் திருப்பிச் சொன்னாள், வேறு சொற்களில். பதிவில் இருக்கிறது. பாட்டுக்கு உதவாது.

இப்படி அறுநூற்றுச் சொச்சம் பதிவுகள் சேர்ந்தன. பாட்டு ஒன்றும் சேரவில்லை. அந்த நேரத்தில்தான் குழுவை நடத்துகிற இராசநாயகம், இவருடைய நச்சரிப்புத் தாங்க முடியாமல், பண்டத்தரிப்புப் பக்கத்துக் கோயில் ஒன்றின் ஏழாம் திருவிழாவில் ஒரே ஒரு பாட்டுக்கு இடம் கொடுத்தார்.

"சனம் இருந்து கேட்டால் இனி ஒவ்வொரு மேடையிலையும் உனக்கு ஒரு பாட்டு. சனம் எழும்பினால், பிறகு உந்தக் கதையோடை என்னட்டை வரப்படாது."

கஜீபனுக்கு இருந்தது ஒன்பது நாள். அறுநூறு பதிவுகளையும் போட்டுப் போட்டுக் கேட்டார். காவோலை உரசியது, கத்தரிக்காய் விலைப்பட்டது, அவ்வளவுதான். ஆனால் நாலாம் நாள், காலை பத்து மணிக்குக் கண் விழித்தபோது, மெட்டு முழுசாகத் தலைக்குள் இருந்தது. பத்து மணியா என்று முகம் சுளிக்க வேண்டாம். விடியற்புறம் மேடையால் வந்து படுத்து, பின்னேரம் மறுபடி வான் ஏறுகிற மனிதர் அவர். தங்கள் வீட்டுக்கு முன்னால் ஓடுகிற ஒழுங்கையால் காலையும் மாலையும் யார் வருகிறார், யார் போகிறார் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

மெட்டுக்குக் கொஞ்சம் சோகம் தடவி, வேகத்தைக் குறைத்துத் தயாளினிக்கு வாசித்துக் காட்டினார்.

"இஞ்சருங்கோ, எங்கையோ கேட்ட மாதிரிக் கிடக்கு."

"நல்ல பாட்டெண்டால் அப்பிடித்தான் இருக்கும்."

அவள் பையைத் தூக்கிக்கொண்டு வாசல் படலைவரை போனாள். கொஞ்ச நேரம் நின்றாள். "என்னத்துக்கு வந்தனான் எண்டு மறந்துபோனன்" என்று திரும்பி வந்தாள். வளவுக்குள் படுத்திருந்த நாய் ஜிம்மி, பாட்டுத் தொடங்கினால் போதும், எழும்பி வாலை ஆட்டிக்கொண்டு படலையடியில் போய் நிற்கும். வாயில்லாச் சீவனையே உருக்கிவிட்டோம் என்று கஜீபனுக்குக் கண் கலங்கியது. வேறு ஒருவருக்கும், குழுவில் உள்ளவர்களுக்குக்கூட, அவர் வாசித்துக் காட்டவில்லை. மெட்டைக் களவெடுத்துவிடுவார்களாம்.

ஏழாம் திருவிழா. பின்னேரம் ஆறரை மணி. கோயில் வீதியில் நல்ல சனம். கஜீபன் தனியே தொடங்கினார். முதல் அடி முடியவில்லை, முன்வரிசையில் ஒரு அம்மா எழும்பி நின்றார். பிறகு நாலு பேர். பிறகு பெண்கள் பக்கத்தில் பாதிப்பேர். மரியாதைக்கு எழும்பி நிற்கிறார்கள் என்று நினைத்து, கஜீபன் கண்ணை மூடி இரண்டாம் அடிக்குள் உருகினார். கண்ணைத் திறந்தபோது நின்ற சனம் மேடையைப் பார்க்கவில்லை. றோட்டைப் பார்த்தது.

"பிள்ளை, பாண் ஓட்டோ வந்திட்டுது. ஓடிப்போய் ஒரு றாத்தல் வாங்கு" என்று முதல் எழும்பிய அம்மா மகளுக்குச் சொன்னது ஒலிவாங்கி வழியாகவே கேட்டது.

ஊர் ஊராகப் போய்ப் பேக்கரிப் பாணும் பணிசும் விற்கிற ஓட்டோவின் பாட்டுப் பெட்டியில் பாடுகிற அதே மெட்டு. மூன்று வருடமாகத் தூக்கத்தில் கேட்டது. ஒழுங்கையால் போனதைத்தான் மனிதர் ஆகாயத்தால் வந்தது என்று நினைத்திருக்கிறார்.

"சனம் எழும்பிட்டுது தம்பி" என்றார் இராசநாயகம். கஜீபனுக்கு நிலம் பிளந்து தன்னை விழுங்கினால் நல்லது போலிருந்தது. பதினாறு வருட ஆசை. பாவம், உண்மையாகவே பாவம்.

மேடைக்குப் பின்னால் ஒருவர் காத்து நின்றார். பாண் ஓட்டோ சிமியோன். கோயில் வாசலில் ஓட்டோவை விட்டுவிட்டு வந்திருந்தார்.

"அண்ணை, நான் பெட்டியைப் போடவே இல்லை, முழுக்க வித்துப் போச்சு. என்ரை பாட்டு பழசாகி இப்ப சரியா இழுபடுது. உங்கடையை என்ரை பெட்டியிலை ஏத்தித் தாறியளோ? உங்கடையிலை கொஞ்சம் அழுகை கூட. பணிசுக்கு நல்லா எடுபடும்."

கஜீபன் மூன்று நாள் முறைத்துக்கொண்டு திரிந்தார். நாலாம் நாள் கொடுத்துவிட்டார்.

இப்போது காலை ஆறு மணிக்கே எழும்பிப் படுக்கையில் காத்திருக்கிறார். ஒழுங்கை முடக்கில் தன் பாட்டுக் கேட்டதும் படலைகள் ஒவ்வொன்றாகத் திறக்கிற சத்தத்தை எண்ணுகிறார். மேடையில் மறுபடி சினிமாப் பாட்டுத்தான். "ஆனால் ஆருடைய பாட்டுக்குச் சனம் வீட்டாலை எழும்பி ஓடி வருது, சொல்லுங்கோ பாப்பம்" என்று வானுக்குள் கேட்கிறார். சாரதி றேடியோவின் சத்தத்தைக் கூட்டுகிறார். உண்மைக்கு என்ன பதில் சொல்வது?

சிரித்துவிட்டீர்கள். நல்லது. இன்று காலை எழும்பும்போதே, உலகத்தில் ஒருவருக்கும் தோன்றாத அருமையான யோசனை ஒன்று உங்களுக்கும் தோன்றியிருக்கலாம். கொப்பியையும் பேனையையும் தேடுவதற்கு முன், படலையைத் திறந்து ஒழுங்கையை ஒருமுறை எட்டிப் பாருங்கள். போகும்போது கையில் ஒரு பையையும் கொண்டுபோங்கள்.