விதைக்கு விட்ட கீரை

மலாக்கா முழுக்கச் சலித்தாலும் 'விதைக்கீரை'யைப் போல ஒரு கோபக்காரரைப் பார்க்க முடியாது. கோழி குறுக்கே வந்தால் திட்டுவார். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று திட்டுவார். அவருடைய சொந்தப் பெயர், தினமும் காலையில் ஆள் கணக்குக்குப் பெயர் வாசித்த தோட்டக் கிராணியான எனக்கே மறந்துவிட்டது.

மெர்லிமாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவருக்குக் களையெடுப்பு வேலை. ரப்பரைத் தவிர ஒரு புல்கூட நிற்கக்கூடாது என்பது வெள்ளைக்காரத் துரையின் சட்டம். இவரோ லாலாங் புல்லைப் பிடுங்குவார். ஊரிலிருந்து மடியில் முடிந்து கொண்டுவந்து தூவிய தண்டுக்கீரையை மட்டும் விட்டுவிடுவார்.

அதிலும் ஒரு விதி. இருப்பதிலேயே இலை அகலமான செடி விதைக்கு, யாரும் தொடக்கூடாது. நோஞ்சான்தான் குழம்புக்கு. இப்படியே விட்டு விட்டு, வெற்றிலையளவு இருந்த இலை சில வருஷத்தில் முறமாகிவிட்டது. அதைக் குடையாகப் பிடித்தவர்களும் உண்டு என்பார்கள்.

ரப்பர் விலை விழுந்தது. சம்பளத்தை வெட்டினார்கள். கூலிகள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் பல வீடுகளுக்குக் கீரைதான் சாப்பாடு. ஒருநாள் அந்த லயத்து முனியம்மா விதைச்செடியிலேயே கை வைத்துவிட்டாள்.

"ஏ புள்ள! இன்னிக்கு இதைத் தின்னுட்டு அடுத்த மாசம் மண்ணத் திம்பியா?"

"புள்ள அழுவுது மாமா."

"அழட்டும்!" என்று கத்தியவர், தன் சோற்றை அவள் சட்டியில் கொட்டினார். அதையும் திட்டிக்கொண்டேதான் கொட்டினார்.

துரை சுற்றிப் பார்க்க வருவதாகச் செய்தி வந்ததும் நான் ஓடினேன்.

"யோவ், எல்லாத்தையும் பிடுங்கு!"

"பத்து நாள் பொறு கிராணி. விதை முத்தல."

"துரை வர்றாருய்யா!"

"வரட்டும்! இந்த ரப்பர் மரம் நம்ம முதுக வளைச்சதுதான் மிச்சம். இந்தக் கீரை நமக்காக இலைய அகலமாக்கிக்கிட்டு நிக்குது. எது களைன்னு நீயே சொல்லு!"

நான் துரையை வரவேற்க ஓடினேன்.

துரை வந்தான். அப்போது 'வந்தார்' என்றேன். இப்போது 'வந்தான்' போதும். விதைச்செடியைக் கைத்தடியால் காட்டி, "இது என்னா? களை! பிடுங்கு!" என்றான்.

விதைக்கீரை குனிந்தார். பக்கத்தில் துரை ஆசையாக நட்டிருந்த ஒட்டு ரப்பர் கன்றை வேரோடு பிடுங்கி அவன் கையிலேயே கொடுத்தார். "புடுங்கிட்டேன் துரை."

அன்றே வேலை போனது. வேலையில்லாதவர்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பும் கூட்டத்தில் அவரையும் சேர்த்தார்கள். லாரியில் நின்றுகொண்டும் கத்தினார்: "கிராணி! அந்தச் செடிய எவனாச்சும் தொட்டீங்க, கப்பல்லேர்ந்து குதிச்சு நீந்தி வந்து ஒதைப்பேன்!"

மறுநாள் துரை அதே செடியை எனக்குக் காட்டினான். "அது மண் அரிக்காமல் காக்கிற செடி துரை, புதுத் தினுசு" என்றேன். மடையன் தலையாட்டிவிட்டுப் போனான். விதை முற்றியது. லயத்தில் வீட்டுக்கொரு கைப்பிடி கொடுத்தேன்.

எனக்கு என்மேல் இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. அந்த ஒரு பொய்யை முந்தின நாளே சொல்லித் தொலைத்திருந்தால் அந்த மனிதர் இங்கேயே இருந்திருப்பார். அப்போது என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது?

என் வீட்டுக் கொல்லையில் இன்றும் அந்தக் கீரைதான். அகல இலைச் செடிப் பக்கம் மருமகள் போனாலே நான் போடும் கூச்சலில் தெரு கூடிவிடும். ஆனால் யாரும் இல்லாத நேரம் பார்த்து, நானே அதில் ஓர் இலையைக் கிள்ளிவிட்டு, கடல் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.