குஸேனின் டாக்ஸியில் ஏறினால் சொந்தம்

மொரீஷியஸ் தீவில் குஸேனுக்குச் சொந்தமில்லாத மனிதப் பிறவி என்று அந்தக் காலத்தில் ஒருத்தன்தான் இருந்தான். அது நான்.

குஸேன் என்பது அவர் பெயரல்ல. நிஜப் பெயர் அவருக்கே மறந்து போயிருக்கும். கியூர்பிப் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தத் தீவின் பேச்சான கிரியோலில் ஒன்றுவிட்ட, இரண்டுவிட்ட, விட்டே போன சொந்தங்கள் அத்தனைக்கும் சேர்த்து 'குஸேன்' என்று ஒரே வார்த்தைதான். வண்டியில் ஏறுகிற எல்லாரையும் அவர் அப்படித்தான் கூப்பிடுவார். ஊர் அந்த வார்த்தையை அவருக்கே திருப்பி வைத்துவிட்டது.

எண்பதுகளில் மன்னார்குடியிலிருந்து தமிழ் வாத்தியாராக அங்கே போய் இறங்கினேன். தீவே அப்போது தலைகால் புரியாமல் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பின பக்கமெல்லாம் ஸ்வெட்டர் பின்னும் ஃபாக்டரி, கடற்கரையெல்லாம் ஹோட்டல். கியூர்பிப்பில் மட்டும் எதற்கும் அவசரமில்லாமல் மழை பெய்துகொண்டிருக்கும். மழை விட்டால் மூடுபனி. அந்தப் பனிக்குள் குஸேன் வண்டி ஓட்டுவார் பாருங்கள், உடம்பு ஸ்டியரிங்கில் இருக்கும், மனசு நூறு வருஷத்துக்கு முந்தின ஏதோ ஒரு கப்பலில் மிதந்துகொண்டிருக்கும். "சிவப்பு விளக்கு, சிவப்பு விளக்கு!" என்று பின்னாலிருந்து நாம்தான் கத்த வேண்டும்.

லீவு நாளெல்லாம் அவருக்கு ஆவணக் காப்பகத்தில்தான். கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலில் வந்திறங்கியவர்களின் பழைய பதிவுகளைப் பார்த்துப் பார்த்துப் பெரிய தாளில் கோடு போட்டு இணைப்பார். தாள் தீர்ந்தால் இன்னொரு தாளை ஒட்டுவார். டிக்கியில் சுருட்டி வைத்திருந்த அந்தத் தாளை விரித்தால் ஐம்பது பேருக்குப் பந்தி போடலாம்.

முதல் நாள் நான் ஏறியதும் கண்ணாடியில் என் மூக்கை ஆராய்ந்தார். கிரியோலில்தான் கேட்டார்; அதில் 'முசே' என்றால் ஐயா. அவர்கள் பேச்சை நான் புரிந்துகொண்ட தமிழிலேயே எழுதுகிறேன்.

"முசே, உங்க பாட்டன் எந்த எஸ்டேட்டு?"

"எஸ்டேட்டெல்லாம் இல்லீங்க. மன்னார்குடி."

"எந்தக் கப்பல்ல வந்தீங்க?"

"ப்ளேன்ல வந்தேன்."

"ப்ளேனா! ஐயோ பாவமே!" என்றார், துக்கம் விசாரிக்கிற குரலில். கப்பலில் வராதவனுக்குப் பதிவு ஏது? பதிவில்லாதவனுக்குக் கோடு ஏது? வழி நெடுக என்னை அநாதைப் பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டே வந்தார். உண்மையைச் சொன்னால், அப்போது நானும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தேன். பள்ளிக்கூடம் விட்டால் அறை, அறைக்கு வெளியே மழை. உறவு சொல்லிக் கூப்பிட அங்கே ஒரு ஆள் கிடையாது.

ஒருமுறை ரீயூனியன் தீவிலிருந்து வந்த தம்பதியை ஏர்போர்ட்டில் விடக் கிளம்பினார். பேச்சுவாக்கில் அந்த அம்மாளின் பாட்டன் பெயர் காதில் விழுந்தது. அவ்வளவுதான், வண்டி மாயெபூர் மீன் மார்க்கெட்டில் போய் நின்றது. அங்கே மீன் விற்கிற ஒரு கிழவர் அவளுக்குக் குஸேனாம். கட்டிப் பிடித்து அழுகை, மீன் சோறு, மறுபடி அழுகை. தலைக்கு மேல் அவர்களுடைய விமானம் பறந்து போனது. புருஷன்காரன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். குஸேன் மட்டும் விமானத்துக்கு டாட்டா காட்டினார்.

தைப்பூசத்தில் இன்னும் மோசம். நாக்கில் வேல் குத்திக் காவடி எடுத்துப் போகிறவரின் கூடவே நடந்து, "உங்க பாட்டியோட அப்பா பேரு என்ன?" என்று கேட்டவர் அவர். அந்த மனுஷர் வாயைத் திறக்கவா முடியும்? இவர் விடவில்லை. ஒவ்வொரு பெயராகச் சொல்லி, தலையாட்ட வைத்தே கண்டுபிடித்துவிட்டார்.

"நூறு தலைமுறை போனாலும் குஸேன் குஸேன்தான். கிட்டம் என்ன, தூரம் என்ன? ரத்தம்னா ரத்தம்!" ஏறுகிறவர்களுக்கெல்லாம் இதுதான் உபதேசம். அந்த உபதேசம் கடைசியில் அவர் தலையிலேயே விடிந்தது.

அவருக்கு ஒரு தீராத ஏக்கம் உண்டு. அவருடைய கொள்ளுப்பாட்டி சின்னப் பெண்ணாக அண்ணனோடு கப்பலில் வந்தவள். துறைமுகத்தில் இருவரையும் தனித்தனிப் பெயரில் எழுதி, அண்ணனை வடக்கே ஒரு தோட்டத்துக்கும் தங்கையைத் தெற்கே ஒரு தோட்டத்துக்கும் அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர்கள் ஒருவரையொருவர் பார்க்கவேயில்லையாம். ஊருக்கெல்லாம் சொந்தம் தேடிக் கொடுத்த மனுஷருக்கு அந்த அண்ணனின் வம்சம் மட்டும் அகப்படவில்லை. மூடுபனியில் வண்டியை நிறுத்திவிட்டு, "இந்தப் பக்கம்தான் எங்கேயோ இருக்காங்க முசே" என்பார்.

என் மாலை வகுப்பில் தேவி என்று ஒரு பெண் படித்தாள். ஸ்வெட்டர் ஃபாக்டரியில் வேலை. அப்பா இல்லை, கூடப்பிறந்தவரும் இல்லை, அம்மா மட்டும். ஹோட்டலில் வேலை பார்த்த சேகர் என்ற பையனை விரும்பினாள். சேகருடைய தாத்தாவும் குஸேனுடைய தாத்தாவும் அண்ணன் தம்பி. அந்த முறையில் இவர் அவனுக்கு அண்ணன். நிச்சயதார்த்தத்துக்குப் பரிசாக இரண்டு குடும்பத்தின் வம்சத்தையும் ஒரே தாளில் எழுதித் தருகிறேன் என்று கிளம்பினார்.

நிச்சயதார்த்தத்தன்று தாளோடு உள்ளே ஓடி வந்தார். கண்ணெல்லாம் ஜலம்.

"கிடைச்சாச்சு! என் கொள்ளுப்பாட்டியோட அண்ணன் கிடைச்சாச்சு! தேவி அவரோட பேரன் மகள்! ரெண்டு பேரும் குஸேன்!"

ஒரே ஒருத்தர்தான் கைதட்டினார். அது அவர்தான். தேவியின் அம்மா தாம்பாளத்தைக் கீழே வைத்தாள்.

"நூறு தலைமுறை போனாலும் ரத்தம்னு நீதானே சொன்னே? சொந்தத்துல கட்டுறது இந்த ஊர்ல மகா பாவம். இந்தக் கல்யாணம் வேண்டாம்."

தேவி அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சேகர் குஸேனைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

மறுநாள் மழையில் சொட்டச் சொட்ட என் அறைக்கு வந்து நின்றார். "ஊரையெல்லாம் சேர்த்து வச்சேன் முசே. என் சொந்தத் தம்பியைப் பிரிச்சுட்டேன்."

எனக்குத் திடீரென்று பொறி தட்டியது. "அண்ணன் வழி தேவி, தங்கை வழி சேகர். அப்படித்தானே? நடுவுல வந்தவங்க எல்லாரும்?"

"ஆம்பிளைங்க."

"யோவ்! அப்ப தேவி அவனுக்கு மாமன் மகளய்யா! எங்க ஊர்ல இது பாவமில்லே, உரிமை. கட்டாமப் போனாத்தான் சண்டை வரும்!"

"குஸேன்ல அப்படி ரெண்டு ஜாதி உண்டா?" என்று வாயைப் பிளந்தார். ஆயிரம் கோடு போட்ட மனுஷருக்கு இந்தக் கணக்கு மட்டும் தெரிந்திருக்கவில்லை. கிரியோலில் வாழ்கிறவருக்கு அது தெரிய வேண்டிய அவசியமும் வந்ததில்லை.

அப்போதே இருவரும் தேவி வீட்டுக்கு ஓடினோம். வழியெல்லாம் எந்த முறைக்குத் தமிழில் என்ன பேர் என்று கேட்டுக்கொண்டே வந்தார். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அந்தப் பையனுக்கு இவ முறைன்னு உங்க ஊர்ல தனியாப் பேரே இருக்கா?"

"இருக்கும்மா. முறைப்பெண்."

சாமி படத்தைத் திரும்பிப் பார்த்தாள். "பாவத்துக்கு யாராவது இவ்வளவு அழகாப் பேர் வைப்பாங்களா? கோரெக், சரிதான். நடக்கட்டும்."

அடுப்படியிலிருந்து தேவியின் சிரிப்பு கேட்டது. குஸேன் என்னைக் கட்டிக்கொண்டு என் சட்டையையும் நனைத்தார்.

கல்யாணத்தன்று மணப்பெண் கையில் பொரி போட ஒரு சகோதரன் வேண்டியிருந்தது. தேவி என்னைத்தான் கூப்பிட்டாள். வெளியே பனி, உள்ளே ஹோமப் புகை. எல்லாம் சொப்பனம் போல இருந்தது. பொரியை அள்ளிப் போட்டுவிட்டு நிமிர்ந்தால், எதிரே மாப்பிள்ளை பக்கத்தில் குஸேன் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறார்.

"சேகருக்கு நான் அண்ணன். தேவிக்கு நீங்க அண்ணன். அப்படின்னா..." முகம் மலர்ந்தது. வாழ்நாளில் முதன்முறையாக அந்த வார்த்தையை விட்டுவிட்டு, மணவறை அதிரத் தமிழில் கத்தினார்.

"மச்சான்!"

சாயங்காலமே டிக்கியைத் திறந்து தாளின் ஓரத்தில் என் பெயரை எழுதிக் கோடு இழுத்தார். கப்பல் பெயர் எழுதும் இடத்தில் குட்டியாக ஒரு விமானம் வரைந்தார்.

ஊர் திரும்பி எத்தனையோ வருஷமாகிவிட்டது. இங்கே தடுக்கி விழுந்தால் சொந்தக்காரர்கள். ஆனாலும் மழை தூறும்போது தெருவில் ஹாரன் சத்தம் கேட்டால், மச்சான்தான் வந்துவிட்டாரோ என்று எழுந்து போய் எட்டிப் பார்க்கிறேன்.