வேண்டாம் என்று சொல்லி வாங்க நினைத்த போன்

அந்தப் போனை வாங்கியே தீருவது என்று கண்ணாடிக்காரர் முடிவு செய்தார். அதுவும் சும்மா வாங்குவதில்லை. "வாங்கிக்கோங்களேன்" என்று மனைவியே கெஞ்ச வேண்டும். "சரி, உனக்காக" என்று இவர் ஒரு பெருமூச்சு விட்டு வாங்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவர் எடுத்த முடிவுகளிலேயே இதுதான் பெரியது. முடிவெடுக்கும் வேலை அவருக்கு வீட்டில் அதிகம் கிடைத்ததில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

வீட்டில்தான் அப்படி. கடையில் அவர் ராஜா. மூக்குக் கண்ணாடிக் கடை. உள்ளே வருகிறவரின் முகத்தை ஒரு பார்வை பார்ப்பார், கையை நீட்டுவார், எடுத்துக் கொடுக்கிற ஃபிரேம் அந்த முகத்தோடு பிறந்தது போல உட்காரும். தங்க ஃபிரேம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து வந்தவரைக்கூட, "உங்க மூக்குக்கு இந்த எடை தாங்காது, அண்ணாச்சி" என்று சொல்லிச் சாதாரண ஃபிரேமோடு அனுப்பியிருக்கிறார். லாபம் போனாலும் பேச்சு போகக் கூடாது என்பது அவர் பெருமை. தெருவில் அவர் சொன்னால் சொன்னதுதான்.

கடைக்கு எதிரே ஒரு போன் கடை. அந்த வருஷத்து டாப் மாடலைக் கண்ணாடிப் பீடத்தில் சாமி மாதிரி நிறுத்தி வைத்திருந்தார்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் இவர் சாலையைக் கடந்து போய்விடுவார். விற்பனைப் பெண் "வாங்க சார்" என்பாள். இவரும் வருவார். வாங்க மாட்டார்.

நியாயமாகப் பார்த்தால் அவருடைய பழைய போனுக்கு ஒரு குறையும் இல்லை. பேசினால் கேட்கிறது. சார்ஜ் சாயங்காலம் வரை நிற்கிறது. புதியதில் வேகம் அதிகம் என்றார்கள்; மழை வருமா வராதா என்று பார்ப்பதற்கு எவ்வளவு வேகம் வேண்டும்? போன வருஷத்து மாடலுக்கும் இதற்கும் முதுகின் நிறத்தைத் தவிரப் பெரிய வித்தியாசம் இல்லை என்பதையும் அவர் துருவித் துருவிப் பார்த்துத் தெரிந்துகொண்டார். விலையைக் கேட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காரத் தோன்றும். ஆக, அவரே தன் கடைக்கு வந்த வாடிக்கையாளராக இருந்திருந்தால், "உங்களுக்கு வேண்டாங்க" என்று திருப்பி அனுப்பியிருப்பார்.

ஆனால் அந்த லென்ஸ். ஒரு மத்தியானம் அந்தப் போனைக் கையில் வாங்கி, சாலைக்கு அந்தப் பக்கம் தெரிந்த தன் கடைப் பலகையைப் பெரிதாக்கிப் பார்த்தார். 'ண்' மேலிருந்த புள்ளி உதிர்ந்து போயிருந்தது. எத்தனை காலமாகவோ அவர் 'கணணாடி' விற்றுக்கொண்டிருந்தார். ஊருக்கெல்லாம் பார்வையைச் சரிசெய்து கொடுக்கிற மனிதரின் கண்ணில் படாதது, இந்த லென்ஸின் கண்ணில் பட்டுவிட்டது. அன்றைக்கே புள்ளி வைத்தார். அன்றைக்கே மனதையும் பறிகொடுத்தார்.

தடை என்றால் ஒன்றுதான். மனைவி கார் ஓட்டக் கற்றுக் கொடுக்கிறவள். பயிற்சிக் காரில் அவள் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருக்கும். வீட்டில் அவள் காலடியில் மட்டும்தான் பிரேக். திரைச்சீலைக்குப் பச்சை என்று இவர் சொன்னார், நீலம் வந்தது. சோபா சுவரோரம் என்றார், ஜன்னலோரம் போனது. "ஏசி எல்லாம் நமக்கு எதுக்கு?" என்று ஒரு தடவை உண்மையாகவே கேட்டார், அடுத்த வாரம் ஏசி வந்து இறங்கியது. அந்த ஏசியின் குளிர்ச்சியில் படுத்துக்கொண்டு யோசித்தபோதுதான் அவருக்கு வழி புலப்பட்டது. போன் வர வேண்டுமா? ரிவர்ஸில் போனால் வரும்.

ஞாயிற்றுக்கிழமை காலை வாய்ப்பு தானாகவே வந்தது. மனைவியின் தம்பி வந்திருந்தான். வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கும் ஒப்பந்தக்காரன். அதே டாப் மாடலுக்குத்தான் அவனும் புக்கிங் போட்டிருந்தான். இந்த மாசக் கடைசியில் கைக்கு வரும் என்று சொல்லிவிட்டுப் போக வந்தான். இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பிக் கொடுக்க மாடி வீட்டுப் பல் டாக்டரும் இறங்கி வந்தார். மனைவி சோபாவில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மச்சான், ஒண்ணு கேக்கறேன். இப்ப இருக்கிற போன்ல நீ பேசினா அந்தப் பக்கம் கேக்குதா?"

"கேக்குது மாமா."

"புதுசுல பேசினா அந்தப் பக்கம் இருக்கிறவங்க புத்திசாலியா பதில் சொல்லுவாங்களா?"

மச்சான் யோசித்தான்.

"வேகம், வேகம்ங்கறாங்க. நீ பெயின்ட் காயற வரைக்கும் சுவத்தைப் பாத்துக்கிட்டு நிக்கிறவன். உனக்கு எதுக்குடா வேகம்?"

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். "கேமரா பிரமாதமா இருக்குதாமே?" என்றார்.

"டாக்டர், லென்ஸைப் பத்தி என்கிட்டயே சொல்றீங்களா? படம் நல்லா வரணும்னா பாக்கற கண்ணு நல்லா இருக்கணும். கண்ணை விட்டுட்டுக் கேமராவுக்குச் செலவு பண்றது, பல்லை விட்டுட்டு பிரஷ்ஷுக்குத் தங்க முலாம் பூசற மாதிரி."

"அடடா" என்று டாக்டர் ஏணியைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கண்ணாடிக்காரருக்கே ஆச்சரியமாக இருந்தது. பொய்யாகப் பேச ஆரம்பித்த பேச்சு இவ்வளவு நன்றாக வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் மனைவி நுழைவதற்கு ஒரு சந்து விட்டுப் பார்த்தார். அவள் ஆரஞ்சு நாரை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் சந்தைத் தெருவாகவே அகலப்படுத்தி, "ஆக மொத்தம், அது நமக்கு வேண்டவே வேண்டாம்" என்று முடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

"நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரிங்க" என்றாள் மனைவி.

கண்ணாடிக்காரருக்குக் காது அடைத்தது போல இருந்தது. அந்த வாக்கியத்தை அந்த வீட்டில் அவர் கேட்டதே இல்லை.

"அதுக்காக ஒரேயடியா ஒதுக்கிடவும் முடியாது" என்றார் அவசரமாக. "லென்ஸ் நல்ல லென்ஸ்தான்."

"இருக்கட்டுமே. நல்லா இருக்கிறதையெல்லாம் வாங்கிக்கிட்டே போனா அதுக்கு ஒரு முடிவு உண்டா? நீங்கதானே எப்பவும் சொல்லுவீங்க."

அவர் அப்படிச் சொன்னதே இல்லை. ஆனால் அவ்வளவு நல்ல வாக்கியத்தைத் தான் சொல்லவில்லை என்று மறுக்க அவருக்கு மனம் வரவில்லை. தலையை ஆட்டிவைத்தார்.

"அக்கா, மாமா இவ்வளவு தூரம் சொன்னதுக்கப்புறம் எனக்கும் வேண்டாம்னு தோணுது" என்றான் தம்பி.

"வேண்டாம்டா. புக்கிங்கை நான் பாத்துக்கறேன், நீ போய் வேலையைப் பாரு" என்றாள் அக்கா. பிறகு புருஷனைக் காட்டி, "டாக்டர், இவர் மனசு வச்சா எதையும் வேண்டாம்னு சொல்லிடுவார்" என்றாள். சொல்லும்போது அவள் முகத்தில் உண்மையான பெருமை இருந்தது. கண்ணாடிக்காரருக்கு அழுவதா, நிமிர்ந்து உட்காருவதா என்று தெரியவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பேச்சு பரவியது. டாக்டர் தன்னிடம் வாயைத் திறந்தபடி படுத்திருந்தவர்களிடமெல்லாம் பிரஷ் கதையைச் சொன்னார். அவர்களால் மறுத்துப் பேசவும் முடியவில்லை. மனைவியோ கியர் மாற்றக் கற்றுக்கொண்டிருந்தவர்களிடம், "எங்க வீட்டுக்காரர் மாதிரி யோசிச்சு ஓட்டணும்" என்றாள். கண்ணாடிக் கடைக்குக் கண்ணாடி கேட்டு வருகிறவர்களைவிடக் கருத்துக் கேட்டு வருகிறவர்கள் அதிகமானார்கள். "ஃபிரிட்ஜ் மாத்தலாமா, அண்ணே?" என்று ஒருவர். "டிவி பெரிசா வாங்கலாமா?" என்று இன்னொருவர். இவர் மூக்கின் நுனிக்குக் கண்ணாடியை இறக்கி, "இப்ப இருக்கிறது ஓடுதா?" என்று கேட்பார். அவ்வளவுதான். திருந்திப் போய்விடுவார்கள்.

ஆசை மட்டும் திருந்தவில்லை. ஒரு நாள் சாப்பிடும்போது மெதுவாகப் பேச்சை எடுத்தார்.

"அந்தப் போனைப் பத்தி நான் கொஞ்சம் அவசரப்பட்டுட்டேனோன்னு தோணுது."

"நீங்களா? அவசரமா?"

"நல்லா யோசிச்சுப் பாத்தா, ஒரு பக்கம் நியாயம் இருக்கத்தான் செய்யுது."

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏங்க, என் தம்பி உங்க பேச்சைக் கேட்டு விட்டுட்டான். நாளைக்கு உங்க கையில அதைப் பாத்தா என்ன நினைப்பான்? மாடி டாக்டர் என்ன சொல்லுவார்? தெருவே உங்களைக் கேட்டு நடக்குது. அந்த மரியாதையை ஒரு போனுக்கா விட்டுக் குடுப்பீங்க?"

அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பதுதான் கஷ்டம்.

மறுநாள் மத்தியானம் போன் கடைக்குப் போனார். விற்பனைப் பெண் 'வாங்க' என்று சொல்லவில்லை.

"சார், உங்களால இந்தத் தெருவுல வியாபாரமே படுத்துடுச்சு. விலையைக் கேட்டுட்டு, 'கண்ணாடிக்காரர் வேண்டாங்கறாரே'ன்னு போயிடறாங்க. முதலாளி உங்க பேரைக் கேட்டாலே எரிஞ்சு விழறார்."

கண்ணாடிக்காரர் பீடத்திலிருந்த போனை எடுத்தார். அதன் முதுகை ஒரு தடவை தடவிப் பார்த்தார். ஒரு பெரிய கம்பெனி, எத்தனையோ விளம்பரம், இவ்வளவு வெளிச்சம் போட்ட கடை. அத்தனையும் இந்தப் பக்கம். அந்தப் பக்கம் அவர் ஒருத்தர் பேச்சு. அந்த எண்ணம் அவருக்கு இனித்தது. போனைத் தன் கையாலேயே பீடத்தில் நேராக நிறுத்தினார். "எனக்கு வேண்டாம்மா" என்றார். இந்தத் தடவை நடிக்கவில்லை. சாலையைக் கடக்கும்போது தன் உயரம் கொஞ்சம் கூடியிருப்பதாகவே அவருக்குத் தோன்றியது. புதுப் புள்ளி வைத்த தன் பலகையை வெறும் கண்ணால் நிமிர்ந்து பார்த்தார். ஆசையை ஜெயித்த மனிதர் எப்படி இருப்பார் என்று கடைக்குள் போய்ப் பெரிய கண்ணாடியிலும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது சாப்பாட்டு மேஜை மேல் ஒரு பெட்டி இருந்தது. அதே பெட்டி. பக்கத்தில் அதே டாப் மாடல், முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தது.

கண்ணாடிக்காரர் செருப்பைக்கூடக் கழற்றாமல் மேஜையருகே போனார். ஆக, அவள் புரிந்துகொண்டிருக்கிறாள். வெளியே சொல்லாத ஆசையையும் தெரிந்துகொள்கிற பெண்டாட்டி எத்தனை பேருக்கு வாய்க்கும்? அதுவும் அவர் துறந்த அன்றைக்கே. போனைக் கையில் எடுத்தார். "எதுக்கும்மா எனக்குப் போய் இவ்வளவு…" என்று குரல் தழுதழுக்க ஆரம்பித்தார்.

மனைவி சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"உங்களுக்கா? உங்களுக்குத்தான் பிடிக்காதே. எனக்கு வாங்கினேங்க. வண்டி ரிவர்ஸ் எடுக்கும்போது கத்துக்க வர்ற பிள்ளைங்க என்ன தப்பு பண்றாங்கன்னு படம் எடுத்துக் காட்டணும். இந்த லென்ஸ்ல தெளிவா வருதாம். புதுசா புக்கிங் போட்டா நாளாகும்னாங்க. தம்பி விட்டுக் குடுத்த புக்கிங் இருந்துச்சு, என் பேருக்கு மாத்திக்கிட்டேன்."

கண்ணாடிக்காரர் போனைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"அன்னிக்கு நான் சொன்னது நூத்துக்கு நூறு சரின்னியே?"

"இப்பவும் சரிதான். அதுல என்ன சந்தேகம்?"

"அப்புறம் எப்படி வாங்கின?"

"உங்க அளவுக்கு மனசுறுதி எனக்கு ஏதுங்க?" என்றாள் மனைவி. அவர் தோளை வாஞ்சையோடு தட்டிக் கொடுத்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"குடுங்க. ரொம்ப நேரம் கையில வச்சிருந்தா உங்களுக்கும் ஆசை வந்துடப் போகுது."