கரடியார் காணாமல் போன சுற்றுலா

ஒரு காட்டில் ஒரு கரடி இருந்தது. பிறகு அந்தக் காட்டில் நான்குவழிச் சாலை வந்தது. ஆகவே இந்தக் கதை ஒரு தீவில் நடக்கிறது.

கரடியின் பெயர் மாசிலாமணி. நடுத்தர வயது, ஒண்டிக்கட்டை, யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசாத சுபாவம். மிதந்து வந்த ஒரு மரக்கட்டையைப் பிடித்துக்கொண்டு நண்டுத்திட்டு என்ற தீவில் கரையேறியவரை அங்கே நன்றாகத்தான் வரவேற்றார்கள். இதற்கென்றே புதுவரவு நல்வரவுக் குழு என்று ஒன்று வைத்திருந்தார்கள். கழுத்தில் பாசிமாலை போட்டார்கள். கையில் ஓர் அட்டையைக் கொடுத்தார்கள். அட்டையில் ஏழு வட்டங்கள். புதிதாக வந்தவர்கள் தீவின் பண்பாட்டை அறிந்துகொள்ள ஏழு சுற்றுலாக்களுக்குப் போக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு முத்திரை விழும். ஏழும் விழுந்தால் தீவுவாசி. தீவுவாசி ஆனால் குடியிருக்க இடம். மழைக்காலத்துக்குள் முடிக்காதவர்கள் வந்த கட்டையிலேயே திரும்பிப் போக வேண்டியதுதான்.

மாசிலாமணி இறங்கிய அன்றைக்கே தனக்கான இடத்தைப் பார்த்துவிட்டார். பாறைச் சரிவில், கிழக்குப் பார்த்த குகை. உள்ளே சொட்டு ஈரம் கிடையாது. முதுகு சொறியத் தோதாக ஒரு கல் வேறு நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அது கிடைக்கும்வரை எல்லாப் புதுவரவுகளுக்கும் பொதுவான ஓலைக்கொட்டகையில்தான் வாசம். அவருக்கு இந்தப் பக்கம் ஒரு முள்ளம்பன்றி, அந்தப் பக்கம் ஒரு முள்ளம்பன்றி. இரண்டும் தூக்கத்தில் புரளும் ஜாதி. ஒரே வாரத்தில் கரடியார் நின்றுகொண்டே தூங்கக் கற்றுக்கொண்டார்.

சுற்றுலாக்களுக்கு வழிகாட்டி, கோமளவல்லி என்ற நாரையம்மாள். இறக்கை இடுக்கில் மஞ்சள் கொடி, கழுத்தில் ஒலிபெருக்கி. பதினாறு வருஷத்தில் ஒரு பிராணியைக்கூடத் தொலைத்ததில்லை என்பது அந்தம்மாளின் பெருமை. அதற்குக் காரணம் வால் எண்ணிக்கை. புறப்படும்போது ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை, எல்லோருடைய வாலையும் எண்ணிவிடுவார். ஆதியில் தலையைத்தான் எண்ணினார்களாம். ஆமைகள் பாதியில் உள்ளே இழுத்துக்கொண்டன. சரியென்று காலை எண்ணிப் பார்த்தார்கள்; ஒரு மரவட்டை சேர்ந்துகொண்ட அன்று, எண்ணி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்து சுற்றுலாவே ரத்தாகிவிட்டது. கடைசியில் குழு கூடி, ஆளுக்கு ஒன்றுக்கு மேல் இருக்காது என்ற காரணத்தால் வாலைத் தேர்ந்தெடுத்தது. நல்ல ஏற்பாடுதான். கரடி வரும்வரை அதில் யாருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை.

கரடிக்கு வால் இல்லாமல் இல்லை. இருக்கிறது, ஆனால் அடர்ந்த உரோமத்துக்குள் எங்கேயோ இருக்கிறது. மாசிலாமணியே அதைப் பார்த்தது கிடையாது. அம்மா சொல்லிக் கேள்வி. பதிவுப் படிவத்தில் ‘வாலின் நீளம், சாண் கணக்கில்’ என்ற கட்டத்தில் அவர் நேர்மையாக ‘சொல்லிக்கொள்ளும்படி இல்லை’ என்று எழுதியிருந்தார்.

முதல் சுற்றுலா உப்பளத்துக்கு. வெயிலில் நாலு மணி நேரம் நடந்து, உப்பு எப்படி உப்பாகிறது என்று கேட்டுக்கொண்டு, வாயெல்லாம் வறண்டு திரும்பினார்கள். நாரையம்மாள் எண்ணினார். பதினொன்று. பதினொரு அட்டையில் பதினொரு முத்திரை குத்திவிட்டு மைப்பெட்டியை மூடிவிட்டார். மரியாதைக்காக வரிசையின் கடைசியில் நின்றிருந்த மாசிலாமணி, மெதுவாகத் தன் அட்டையை நீட்டினார்.

“பதினொரு வால், பதினொரு முத்திரை. பன்னெண்டாவது யாருக்குன்னு கேட்டா மேலே நான் என்ன பதில் சொல்றது?” என்றார் நாரையம்மாள்.

கூட்டத்திலேயே பெரிய உருவம் தன்னுடையதுதான் என்பதை எப்படி எடுத்துச் சொல்வது என்று கரடியாருக்குத் தெரியவில்லை. சொன்னால் தற்பெருமையாகிவிடுமோ என்று வேறு தயக்கம். வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டார்.

அடுத்த ஆறு சுற்றுலாவும் இதே கதைதான். நண்டுகள் மணலை உருண்டை பிடிக்கும் கைவினையைப் பார்த்தார். கலங்கரை விளக்கத்தின் நூற்றெட்டுப் படிகளில் மூச்சிரைக்க ஏறினார். தீவின் தொன்மையான வணக்க முறை என்று ஒற்றைக்காலில் நின்று கழுத்தை வளைக்கக் கற்றுக்கொண்டார். நாரைகளைத் தவிர அங்கே வேறு யாரும் அப்படி வணங்கி அவர் பார்த்ததில்லை, இருந்தாலும் விழுந்து எழுந்து பழகினார். ஏழாவது சுற்றுலா முடிந்தபோது தீவைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றும் பாக்கியில்லை. அட்டையில் ஏழு வட்டமும் வெள்ளையாகவே இருந்தன.

குழுவின் செயலாளர் சபாபதி என்ற ஆமை. கரடியார் அவரிடம் போய் ஒற்றைக்காலில் வணங்கி, நடந்ததைச் சொன்னார். சபாபதி பதிவேட்டைப் புரட்டினார். ஒரு பக்கம் புரட்ட ஒரு காலைப்பொழுது ஆயிற்று. ஏழு நாளும் வால் கணக்கு சரியாக இருக்கிறது, அதனால் மாசிலாமணி வரவில்லை என்று தீர்மானமாகச் சொன்னார். ஆனால் நல்ல மனசு. மழைக்கு முன் கடைசியாக ஒரு கூட்டுச் சுற்றுலா உண்டு, ஒரே நாளில் ஏழு இடத்தையும் சுற்றிக் காட்டி, விட்டுப்போன முத்திரைகளை எல்லாம் குத்திவிடுவார்கள், இந்தத் தடவையாவது தவறாமல் வந்துவிடுங்கள் என்று அறிவுரையும் சொல்லி அனுப்பினார்.

கொட்டகையில் அவருக்கு எதிர்ப்பக்கம் படுப்பவன் பொன்னுரங்கம் என்ற கீரி. விவரமானவன். ஒரு முத்திரை மட்டும்தான் அவனுக்கு பாக்கி; கலங்கரை விளக்கத்தில் நாற்பதாவது படியிலேயே தூங்கிவிட்டவனைத் தூக்கி வந்து எண்ணிக்கொண்டார்கள், முத்திரை மட்டும் குத்தவில்லை.

“அண்ணே, அவங்களுக்கு வேண்டியது நீங்க இல்ல. ஒரு வால். ஒண்ணு கட்டிக்கிட்டுப் போயிடுங்க,” என்றான்.

பொய் வால் கட்டுவது தப்பில்லையா என்று கரடியார் ஒரு நாள் முழுக்க யோசித்தார். அன்றைக்கு மேகம் கறுத்து, கொட்டகைக்குள் நாலு இடத்தில் ஒழுகியது. மறுநாள் உட்கார்ந்து பச்சைக் கோரைப்புல்லில் மூன்று சாண் நீளத்துக்கு ஒரு வால் பின்னி, இடுப்பில் முடிந்துகொண்டார். நடக்கும்போது அது இப்படியும் அப்படியும் ஆடியது. அவருக்கே கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது.

கூட்டுச் சுற்றுலா அன்று காலை நாரையம்மாள் எண்ணினார். பன்னிரண்டு. “புதுசா யாரு?” என்று கேட்டு, குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்: மாசிலாமணி, கரடி, அடையாளம் பச்சை வால். தன் பெயர் குறிப்பேட்டில் ஏறுவதைப் பார்த்துக் கரடியாருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

ஆறு இடம் ஒழுங்காகத்தான் போயிற்று. ஏழாவது இடம் பாரம்பரிய மதிய உணவு. பாரம்பரியச் சிப்பியில், பாரம்பரிய முறைப்படி உப்பில்லாமல் வேகவைத்த கடற்பாசி. சாதாரண நாளில் தீவுக்காரர்கள் யாரும் அதைத் தொடுவதில்லை. அதற்கு நீண்ட வரிசை. கரடியாருக்குப் பின்னால் ஒரு வெள்ளாடு நின்றது. தனக்கு முன்னால் போனவர்கள் எல்லாம் முகத்தைச் சுளித்துக்கொண்டு வருவதை அது பார்த்தது. பிறகு தன் மூக்குக்கு நேரே ஆடிக்கொண்டிருந்த பச்சைக் கோரையைப் பார்த்தது. வயிறு காய்ந்து போயிருந்தது, யார்தான் என்ன செய்வார்கள். முதுகுப்பக்கம் ஏதோ இழுப்பதுபோல் இருந்ததும், வரிசையில் நெருக்குகிறார்கள் என்று நினைத்துக் கரடியார் மரியாதையாக ஒரு அடி தள்ளி நின்றார்.

கரைக்குத் திரும்பியதும் நாரையம்மாள் எண்ணினார். பதினொன்று. மறுபடி எண்ணினார். பதினொன்று. அந்தம்மாளின் இறக்கை இடுக்கிலிருந்த கொடி கீழே விழுந்தது. பதினாறு வருஷத்தில் முதல்முறையாக ஒரு பிராணி குறைகிறது.

“மாசிலாமணியைக் காணோம்,” என்றார், ஒலிபெருக்கி இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது.

கரடியார் முன்னால் வந்தார். “அம்மா, நான்தான் மாசிலாமணி.”

நாரையம்மாள் அவரைச் சுற்றிப் பின்பக்கம் போய்ப் பார்த்தார். குறிப்பேட்டைப் பார்த்தார். “மாசிலாமணிக்கு வால் உண்டு. பச்சை. என் கையால எழுதியிருக்கேன். ஒரு உயிர் ஊசலாடுற நேரத்துல விளையாடாதீங்க.”

கீரி பொன்னுரங்கம் சாட்சி சொல்ல வந்தான். இந்தக் கரடிக்கு வால் இருக்கிறதா இல்லையா, ஒரே பதில் சொல் என்று கேட்டார்கள். இல்லை என்றுதான் அவனால் சொல்ல முடிந்தது. வெள்ளாடு மெல்ல ஓர் ஏப்பம் மட்டும் விட்டது.

தீவே திரண்டது. கடற்காகங்கள் வானத்திலிருந்து தேடின, நண்டுகள் வளை வளையாகப் போய்க் கேட்டன. வழி தெரிந்த ஆள் வேண்டும் என்று வந்தபோது, ஏழு இடங்களையும் இரண்டு தடவை பார்த்தவர் என்று சொல்லி முன்னால் நடத்தியது யாரை? நம் கரடியாரைத்தான். அவரும் சும்மா சொல்லக் கூடாது, மனப்பூர்வமாகத் தேடினார். புதர் புதராக விலக்கினார். நூற்றெட்டுப் படிகளிலும் மறுபடி ஏறி இறங்கினார். நாலா பக்கமும், மாசிலாமணி, மாசிலாமணி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முதலில் ஓரிரு தடவை, “இதோ இருக்கேன்” என்றார். சத்தம் போடாதீர்கள், அவர் பதில் குரல் கொடுத்தால் காதில் விழாது என்று அடக்கிவிட்டார்கள். அதன்பிறகு அவர் பேசவில்லை. இந்தத் தீவுக்கு வந்ததிலிருந்து அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. இன்று ஊர் முழுக்க, தொண்டை கட்டும் அளவுக்கு, பாசத்தோடு கூப்பிடுகிறது. கரடியாருக்கு அழுகை அழுகையாக வந்தது. கண்டுபிடித்துவிட்டால் நிறுத்திவிடுவார்களே என்றுகூட இருந்தது.

மூன்றாம் நாள், கடற்பாசி உலர்த்தும் பாய்களுக்குப் பக்கத்தில் அது கிடைத்தது. ஒரு சாண் பச்சை வால். நுனி மென்று துப்பப்பட்டிருந்தது. நாரையம்மாள் அதைப் பார்த்ததும் ஒலிபெருக்கியைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டார். ஏதோ ஒரு கொடிய மிருகம் மாசிலாமணியைத் தின்றுவிட்டது, வால் மட்டும் மிச்சம் என்று எல்லோரும் முடிவுக்கு வந்தார்கள். கொடிய மிருகம் கூட்டத்தின் ஓரத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இரங்கல் கூட்டத்துக்குச் சபாபதி தலைமை. காலையில் மேடைக்குக் கிளம்பியவர் மத்தியானம் வந்து சேர்ந்தார். மறைந்த மாசிலாமணியைப் போல ஒரு ஒழுக்கமான புதுவரவு இனிப் பிறந்துதான் வரவேண்டும் என்றார். இதைக் கேட்டு மனசு தாங்காமல் கரடியார் எழுந்தார். “ஐயா, நான் சாகலைங்க. இங்கதான் இருக்கேன்.”

“துக்கம் அப்படித்தான் பேச வைக்கும், உட்காருங்க,” என்றார் சபாபதி. பக்கத்திலிருந்த கொக்கு ஒன்று கரடியாரின் முதுகைத் தடவிக்கொடுத்து, உறவா என்று கேட்டது. ரொம்ப நெருக்கம் என்றார் கரடியார்.

பிறகு சபாபதி குழுவின் தீர்மானத்தை வாசித்தார். மாசிலாமணிக்கு ஏழு முத்திரைகளும் மரணத்துக்குப் பின் வழங்கப்படுகின்றன. விண்ணப்பத்தில் அன்னார் ஆசைப்பட்டுக் கேட்டிருந்த கிழக்குப் பார்த்த குகை, மாசிலாமணி நினைவுக் குகை ஆகிறது. வால் அங்கே கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்படும். அதைக் காவல் காக்க, அன்னாரின் இனத்தைச் சேர்ந்தவரும் அழுகையில் முதலிடம் பெற்றவருமான இந்தக் கரடி இன்று முதல் குகையிலேயே தங்க வேண்டும். காவலாளிப் படிவத்தில் பெயர்கூடக் கேட்கவில்லை, கைரேகை மட்டும் போதுமாம்.

உண்மையைச் சொல்ல மாசிலாமணி இன்னொரு முறை வாயைத் திறந்தார். அப்போது மூக்கின்மேல் முதல் மழைத்துளி விழுந்தது. வாயை மூடிக்கொண்டு கைரேகை வைத்தார்.

மழை பிடித்துக்கொண்டது. கரடியார் குகைக்குள் கல்லில் முதுகைச் சொறிந்துகொண்டு, காலை நீட்டிப் படுத்து, வந்த நாளிலிருந்து தூங்காத தூக்கத்தை எல்லாம் தூங்கினார். நான்காம் நாள் பொன்னுரங்கம் தொப்பலாக நனைந்து, முதுகில் ஏழெட்டு முட்களோடு வாசலில் வந்து நின்றான்.

“ஏழு முத்திரையும் வாங்கிட்டேன் அண்ணே. தீவுவாசின்னு சொல்லிட்டாங்க. ஆனா இடத்துக்கு ஒரு வரிசை இருக்காம், நான் நானூத்திப் பன்னெண்டாவது ஆளாம். உங்களுக்கு மட்டும் எப்படி அண்ணே உடனே கிடைச்சுது?”

“நான் செத்துட்டேன் தம்பி,” என்றார் கரடியார்.

பொன்னுரங்கம் வெளியே கொட்டும் மழையைப் பார்த்தான். உள்ளே காய்ந்து கிடந்த தரையைப் பார்த்தான்.

“அதுக்கு யார்கிட்ட அண்ணே மனு குடுக்கணும்?”

நீதி: ஓர் ஊரில் இடம் வேண்டுமென்றால் தவறாமல் போய் வரிசையில் நிற்காதே, தவறாமல் காணாமல் போ. இருப்பவனுக்கு எண்தான் கொடுப்பார்கள், இல்லாதவனுக்குத்தான் வீடு.