எட்டு கோரும் ஒரு பள்ளமும்

வாசல்ல ஒரு பள்ளம் இருந்துச்சு. மழை அரிச்ச குழி இல்ல, முறைப்படி தோண்டின பள்ளம். நீளம் ஏழடி, ஆழம் இடுப்பளவு. பக்கத்துலயே தோண்டின மண்ணு குவிஞ்சு கிடந்துச்சு. குவியல் மேல ஒரு அட்டை: "இது அலுவலக மண். தொடுவது தண்டனைக்குரியது." குழாய் ஆபீஸ்காரங்க வந்து தோண்டினாங்க. எதுக்குத் தோண்டினோம்னு ஃபைலைப் பாத்துட்டு வரோம்னு போனாங்க. போனவங்க போனவங்கதான்.

வாசலுக்குச் சொந்தக்காரி ஒரு தையல்காரி. கெட்டிக்காரி. கண்ணை மூடிக்கிட்டுக் கழுத்து வெட்டுவா, துணியோட கழுத்தைத்தான். பள்ளம் வந்ததுலேர்ந்து அவ அளவெடுக்கறது அந்தரத்துல ஆயிப்போச்சு. இந்தப் பக்கத்துலேர்ந்து டேப்பை வீசுவா. வாடிக்கைக்காரி அந்தப் பக்கம் பிடிச்சு, இடுப்புல சுத்திக்கிட்டு, நம்பரைக் கத்துவா. தன் இடுப்பளவைத் தெருவே கேக்கற மாதிரி உள்ளது உள்ளபடி கத்த யாருக்கு மனசு வரும்? ஆளாளுக்கு நாலு இஞ்சு குறைச்சுக் கத்தினாங்க. அந்த மாசம் தைச்ச துணி ஒண்ணுகூட ஒருத்தருக்கும் பத்தல.

அதைக்கூடப் பொறுத்துக்கலாம். மாமியார் வராங்களே! இடுப்பெலும்பு முறிஞ்சு ஆஸ்பத்திரியில இருந்தாங்க. வெள்ளிக்கிழமை காலையில வீட்டுக்கு அனுப்பறாங்க, சக்கர நாற்காலியில. பலகை போட்டுத் தையல்காரி தாண்டிடுவா, நாற்காலி தாண்டுமா?

மாமியார் போன்லயே ஆரம்பிச்சுட்டாங்க. "நான் வரக்கூடாதுன்னுதானே பள்ளத்தை அப்படியே வெச்சிருக்க?"

"ஐயோ அத்தை, நானா தோண்டினேன்? ஆபீஸ்ல தோண்டினாங்க."

"தெருவுல எட்டு வீடு இருக்கு. உன் வாசல் மட்டும்தான் அவங்க கண்ணுல பட்டுச்சாக்கும்!"

நல்ல மருமகள்னு பேர் வாங்கறது என்ன லேசா? தையல்காரி கல்யாணமான மூணாம் நாள் மாமியாரோட மூக்குக்கண்ணாடி மேல உக்காந்துட்டா. தெரியாமத்தான். அந்த ஒரு கெட்ட பேரைக் கழுவ அவளுக்குப் பதினோரு வருஷம் ஆச்சு. இப்ப பள்ளமும் சேந்துக்கிட்டா ஆயுசு போதாது.

திங்கக்கிழமை ஆபீசுக்கு ஓடினா. கவுண்ட்டர்ல இருந்தவர் தலையைத் தூக்காமலே சொன்னார்: "நேர்ல மனு வாங்கறதில்ல. கம்ப்யூட்டர்ல போடுங்க."

வீட்டுல ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்துச்சு. பில்லு அடிக்கவும், புது டிசைன் படம் பாக்கவும் அதுவே தாராளம். அதைத் திறந்து ஆபீஸ் பக்கத்துக்குப் போனா. இப்படி வந்துச்சு: "தங்கள் கணினியின் தகுதி போதாது. குடிமக்கள் விரைவாகக் காத்திருக்கும் பொருட்டு, எட்டு கோர் கொண்ட கணினி பரிந்துரைக்கப்படுகிறது. பரிந்துரை கட்டாயமாகும்."

கொழுந்தன் கம்ப்யூட்டர் கடையில வேலை பாக்கறவன். அவனைக் கூப்பிட்டா.

"கோர்னா என்ன தம்பி?"

"மூளை மாதிரி அண்ணி. உங்க பழசுல ரெண்டு. புதுசுல எட்டு."

"ரெண்டே உங்க வீட்டு வழக்கத்துக்கு அதிகம். நான் ஒரு பில்லு அடிக்கறேன், ஒரு படம் பாக்கறேன். எட்டு மூளை உக்காந்து என்ன பண்ணும்?"

"தேவைப்பட்டா எந்திரிக்கும் அண்ணி. நாளைக்கே நீங்க ஒரு சினிமா எடுக்கறீங்கன்னு வெச்சுக்கோங்க..."

"எதுக்குடா நான் சினிமா எடுக்கணும்? பள்ளத்தை மூடணும்டா!"

அவளோட சித்தி ஒருத்தி இப்படித்தான் அஞ்சு பர்னர் அடுப்பு வாங்கினா. வீட்டுல ரெண்டே பேர். ஒரு பர்னர்ல டீ கொதிக்கும். ரெண்டாவதுல சாவிக்கொத்து, மூணாவதுல சித்தப்பாவோட கண்ணாடி, நாலாவதுல கரண்ட் பில்லு. அஞ்சாவதுல பூனை படுத்துக்கும். யாராவது கேட்டா, "நாலு பேர் வந்தா வேணாமா?"ம்பா. நாலு பேர் வந்தப்ப பூனையை எழுப்ப மனசு வராம ஓட்டல்ல வாங்கிக் கொடுத்தா. சரி, அவ கதை எதுக்கு இப்போ?

துணி ஓரம் அடிக்கற ஓவர்லாக் மிஷினுக்குன்னு எடுத்து வெச்சிருந்த பணத்துல செவ்வாய்க்கிழமை எட்டு கோர் வந்து இறங்கிச்சு. பெட்டியைப் பலகை மேல தூக்கிட்டு வரும்போதே தெரு முழுக்க வாசல்ல நின்னு பாத்துச்சு. மாடி வீட்டுக்காரர் மேலேர்ந்தே கேட்டார்: "எத்தனை கோரும்மா?"

"எட்டு."

அவர் சம்சாரம் அவரைத் திரும்பி ஒரு பார்வை பாத்தாங்க. அவர் வீட்டுல நாலுதான். அதுவரைக்கும் அந்த மனுஷனுக்கு அது ஒரு குறைன்னே தெரியாது. அன்னிக்கு ராத்திரி அவருக்குச் சாப்பாடு இறங்கல. புதன்கிழமை மத்தியானத்துக்குள்ள எட்டு வீட்டுலயும் எட்டு கோர். தனியா உக்காந்து சீட்டாடற ரிட்டையர்டு வாத்தியார்கூட வாங்கிட்டார். "என்ன சார் வித்தியாசம்?"னு கேட்டா, "சீட்டு சீக்கிரமா கலையுது. ஆனா நான் யோசிக்கறது பழைய வேகம்தான்"னார்.

புதுசுல மனு கண் சிமிட்டற நேரத்துல போச்சு. பதிலும் கண் சிமிட்டற நேரத்துல வந்துச்சு: "தங்கள் மனு முப்பது வேலை நாட்களில் பரிசீலிக்கப்படும்."

"ஏன்டா, எட்டு மூளைன்னியே?"

கொழுந்தன் திரையில எட்டுக் கட்டம் போட்டுக் காட்டினான். ஒரு கட்டத்துல கோடு எகிறிக் குதிச்சுது. மத்த ஏழும் தரையோட தரையா படுத்திருந்துச்சு.

"இந்த ஏழும் என்ன பண்ணுது?"

"தயார் நிலையில இருக்கு அண்ணி."

"உங்கண்ணன் ஞாயித்துக்கிழமை இருப்பாரே, அந்த மாதிரியா?"

பொறுக்க முடியாம மறுபடி ஆபீசுக்கே போனா. அங்க உள்ள வரிசையா எட்டு மேஜை, எட்டு பேர். முதல் மேஜையில ஒரு அம்மா வேர்க்க விறுவிறுக்க எழுதிட்டிருந்தாங்க. மத்த ஏழு பேரும் பேனா மூடியைத் திறந்து வெச்சுக்கிட்டு அந்த அம்மாவையே பாத்துட்டிருந்தாங்க. அதிகாரி இவளை உக்கார வெச்சுப் பெருமையா சொன்னார்.

"போன மாசம்தான் எட்டு கோர் முறையை அமல்படுத்தினோம். முன்னாடி ஒருத்தர்தான் பாத்தார். இப்ப எட்டு பேர்."

"இப்பவும் ஒருத்தர்தானே சார் பாக்கறாங்க?"

"உங்க மனு ஒண்ணுதானேம்மா? ஒரு மனுவை எட்டாக் கிழிக்க முடியுமா? அவங்க முடிச்சாத்தான் இவர் ஆரம்பிக்கணும், இவர் முடிச்சாத்தான் அடுத்தவர். அதுவரைக்கும் மத்தவங்க தயார் நிலை."

"அப்போ எட்டு பேரும் ஒண்ணா வேலை செய்யவே மாட்டாங்களா?"

அதிகாரி யோசிச்சார். ஆபீஸ்ல யாரும் அவரை யோசிக்கச் சொல்லிக் கேட்டதில்ல, முகமே சிவந்துடுச்சு. "செய்வாங்க. பள்ளம் எட்டா இருந்தா மனு எட்டு வரும். ஆளுக்கு ஒண்ணா, ஒரே நேரத்துல, ஒரே நாள்ல முடிஞ்சுடும். நியாயமான கேள்வி கேட்டீங்க. உடனடி நடவடிக்கை எடுக்கறேன்."

எடுத்துட்டார். வியாழக்கிழமை விடியக்காலையில தெருவுல மிச்சமிருந்த ஏழு வாசல்லயும் பள்ளம் தோண்டியாச்சு. நீளம் ஏழடி, ஆழம் இடுப்பளவு, குவியல் மேல அட்டை.

தெரு கொதிச்சு எழும்னு தையல்காரி கதவுக்குப் பின்னாடி ஒளிஞ்சு நின்னா. ஒருத்தரும் கொதிக்கல. இவ்வளவு செலவு பண்ணி வாங்கின கம்ப்யூட்டருக்கு என்ன வேலை கொடுக்கறதுன்னு தெரியாம முழிச்சிட்டிருந்தவங்களுக்கு இப்பத்தான் ஒரு வேலை கிடைச்சுது. "மனு போயிடுச்சு! பட்டனைத் தொட்டேன், போயிடுச்சு!"ன்னு மாடி வீட்டுக்காரர் பால்கனியிலேர்ந்து கத்தினார். சாயங்காலம் எட்டு பேருக்கும் சந்தோஷமான பதில் வந்துச்சு: "எட்டு மனுக்களும் ஒரே கட்டாகச் சேர்க்கப்பட்டு எட்டு மேஜைகளிலும் ஒருங்கே அனுமதிக்கப்பட்டன. மண்வெட்டி ஒன்றே உள்ளதாலும், ஏழு பள்ளம் தோண்டிய ஊழியர் களைப்பு விடுப்பில் உள்ளதாலும், பள்ளங்கள் பின்னர் மூடப்படும். இதற்கிடையில் எவரேனும் தாமாகவே பள்ளத்தை மூடினால் கட்டு முழுவதும் ரத்தாகும்."

வெள்ளிக்கிழமை காலையில ஆஸ்பத்திரி வண்டி கிளம்பிடுச்சுன்னு புருஷன்கிட்டேர்ந்து போன் வந்துச்சு. தையல்காரி புடவையை இழுத்துச் சொருகிக்கிட்டு, பக்கத்துத் தெருவுல மண்வெட்டி இரவல் வாங்கிட்டு வந்து, குவியல்ல ஓங்கி ஒரு போடு போட்டா.

"நிறுத்தும்மா!" வாத்தியார் முதல்ல ஓடி வந்தார், பின்னாடியே மாடி வீட்டுக்காரர், அப்புறம் மொத்தத் தெருவும். "நீ மூடினா எங்க மனு என்ன ஆகறது?"

"அரை மணி நேரத்துல எட்டையும் நாமளே மூடிடலாம் சார். ஆளுக்கு ஒரு கை போட்டா முடிஞ்சுது!"

"எட்டு கோர்ல போட்ட மனும்மா!" மாடி வீட்டுக்காரருக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. "அனுமதியே வந்தாச்சு. கையால மூடினா ஊர் சிரிக்காதா? அப்புறம் எதுக்கு வாங்கினோம்?"

ஆளுக்கு ஒரு பக்கம் மண்வெட்டியைப் பிடிச்சு இழுத்தாங்க. அவ விடல. இழுத்த இழுப்புல பள்ளத்தோட விளிம்பு இன்னும் ஓரடி சரிஞ்சு விழுந்துச்சு. அந்த நேரம் பாத்துத்தான் வண்டி வந்து நின்னுச்சு. புருஷன் கதவைத் திறந்தார். மாமியார் தலையை நீட்டித் தெருவை இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் பாத்தாங்க. விரல் விட்டு எண்ணினாங்க. எட்டு. கடைசியா பாத்தது, பள்ளத்து விளிம்புல, மண்ணும் வேர்வையுமா, கையில மண்வெட்டியோட நிக்கற மருமகளை.

"என் ஒருத்திக்கு எட்டு பள்ளமா!"

"அத்தை, நான் மூடத்தான்..."

"போன்ல நான் தோண்டலைன்னு சொன்னா. கண் முன்னாடியே தோண்டிக்கிட்டு நிக்கறா, உதவிக்கு ஊரையே கூட்டி வெச்சிருக்கா! திருப்புப்பா வண்டியை, பெரிய மருமக வீட்டுக்கு."

தையல்காரி புருஷனைப் பாத்தா. அவர் தயார் நிலையில இருந்தார். வண்டி திரும்பிப் போயிடுச்சு.

பதினோரு வருஷம் போச்சேன்னு அவ மண்குவியல் மேலயே உக்காந்துட்டா. கொழுந்தன் மெதுவா பக்கத்துல வந்தான். "வருத்தப்படாதீங்க அண்ணி. ஆபீஸ்ல இன்னொரு அறிவிப்பு போட்டிருக்காங்க. பதினாறு கோர்ல மனு போட்டா, மாமியார் மாதிரி அவசரக் கேஸுக்கெல்லாம் தனி வரிசையாம்."

தெருவுல எட்டு வீட்டுக்காரங்களும் எந்தக் காரியத்தையும் ஒரே நேரத்துல ஒண்ணா சேந்து செஞ்சதா சரித்திரமே கிடையாது. அன்னிக்குச் செஞ்சாங்க. மண்குவியல் மேல உக்காந்திருந்த தையல்காரி உள்பட எட்டு பேரும் ஒரே குரல்ல கேட்டாங்க:

"பதினாறு என்ன விலை?"