தார்ப் பீப்பாயில் செய்த புகைபோக்கி

ரோடு கேம்ப், ஓசூர்
மார்கழி மாதம்

சிங்காரப்பேட்டை மாமா கோவிந்தப்பன் அவர்கள் சமுகத்துக்கு, மருமகன் எல்லப்பன் கைகூப்பி எழுதிக்கொண்டது. இங்கு நான், ஃபிட்டர் கங்கப்பன், ரோடு ரோலர் மூவரும் சுகம். அங்கு தாங்கள், அத்தை, மாடு கன்று, நான் இன்னும் முகம் பார்க்காத என் மகன், இதைத் தங்களுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டும் தங்கள் மகள், எல்லோர் சுகமும் அறிய ஆவல்.

"ஓசூர்க் குளிரு பச்சப்புள்ளைக்கு ஆகாது, பங்குனி பொறக்கட்டும்" என்று தாங்கள் எழுதச் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டேன். ஏற்றுக்கொண்டு, பங்குனியை மார்கழியிலேயே வீட்டுக்குள் கொண்டுவர வேலையும் தொடங்கினேன். நானே வந்து பார்க்கலாமென்றால், ரோலர் அடிக்கடி படுத்துக்கொள்வதால் காண்ட்ராக்டர் லீவு தரமாட்டேன் என்கிறார்.

உலகச் சண்டை முடிந்து பெங்களூர் ராணுவக் கிடங்கில் மிஞ்சிய சீமெண்ணெய் ஹீட்டர்களை அவர் ஏலத்தில் எடுத்து வந்தார். பெரிய பட்டறைகளைச் சூடாக்கச் செய்த சாமான், ஒவ்வொன்றும் எருமைக்கன்று அளவு. வேண்டாமென்று ஒதுக்கிய ஒன்றை நானும் கங்கப்பனும் கேட்டு வாங்கி நம் தகரக் கொட்டகைக்கு உருட்டி வந்தோம், பற்றவைத்ததும் அது உறுமிய உறுமலில் பக்கத்து வீட்டு நஞ்சம்மா லாரி உள்ளே புகுந்துவிட்டதென்று கன்னடத்தில் கத்திக்கொண்டு ஓட, சரி, மூன்று பர்னரில் இரண்டை அடைப்போம் என்று அடைத்தோம், உறுமல் போய்ப் புகை வந்தது, புகைக்குப் புகைபோக்கி வேணுமே, ரோடு கேம்பில வேற என்ன தகரம் கெடைக்கும், காலித் தார்ப் பீப்பாயை வெட்டிச் சுருட்டி மாட்டினோம், காலின்னுதான் நெனச்சோம் மாமா, சூடு ஏற ஏற உள்ள ஒட்டியிருந்த தாரெல்லாம் உருகி என் கட்டில், என் வேட்டி, கங்கப்பன் மண்டைன்னு ஒழுகிடுச்சு, இன்றைக்கு இந்த ஜில்லாவிலேயே தார் போட்ட தரை உள்ள வீடு நம்முடையது ஒன்றுதான். (படிப்பவர் இந்த இடத்தில் சிரிக்க வேண்டாம், மாமா பார்ப்பார்.)

பிறகு பீப்பாயைச் சுரண்டி மாட்டினோம். இப்போது வீடு சிங்காரப்பேட்டை மாதிரியே இருக்கிறது. நஞ்சம்மாவின் கோழி தானாக வந்து ஹீட்டர் பக்கத்தில் அடைக்கு உட்கார்ந்துவிட்டது. தூக்கிப்போக வந்தவள், "இருக்கட்டும் எல்லப்பா, எங்க ஊட்டவிட இங்கதான் கதகதன்னு இருக்குது" என்று விட்டுப்போனாள். கோழிக்கே நம்பிக்கை வந்துவிட்டது. மாமாவுக்கும் வரும் என்று நம்புகிறேன்.

தொட்டிலும் கட்டிவிட்டேன். காலித் தொட்டிலை ஆட்டக்கூடாது என்று அத்தை சொல்வார்கள். ஆட்டவில்லை. வேலை விட்டு வந்தால் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான். எனக்கொன்றும் அவசரமில்லை மாமா, புள்ளைக்கு அப்பன் முகம் தெரியாமப் போயிடக்கூடாதேன்னுதான். வருகிற நல்ல நாளில் இருவரையும் அனுப்பி வைக்கவும்.

அத்தைக்கு என் வணக்கம். பேரன் தலையில் தாங்கள் கை வைக்கும்போது என் பேரைச் சொல்லியும் ஒரு தடவை வைக்கவும்.

தங்கள் மருமகன்
எல்லப்பன்

பி.கு.: சம்பங்கி, இதை மட்டும் மனதுக்குள் படி. உங்கப்பா சொன்னதுதான் சரி. ஹீட்டரைப் பற்றவைத்தால் இருமல், அணைத்தால் நடுக்கம். கோழிகூட முட்டையை விட்டுவிட்டு நஞ்சம்மா வீட்டுக்கே போய்விட்டது. மேலே நான் எவ்வளவு கெஞ்சியிருந்தாலும் சரி, புள்ளையைத் தூக்கிக்கொண்டு இந்தப் புகைக்குள் வராதே. உங்கப்பா சொல்ல நீ எழுதின கடிதத்தில் 'ஆண் குழந்தை, சுகம்' என்று மட்டும் இருந்தது. யார் ஜாடை என்று நீயாக எழுது. அவன் படுத்த துணி ஒன்று அனுப்பு. அதைப் போட்டால் தொட்டில் காலி இல்லை. ஆட்டிக்கொள்வேன்.